சுடவில்லை

காசிமேட்டில் கெளுத்தி முள் குத்துவது
ஒரு சேதியே இல்லை.
தேசப்பனுக்கு இருபத்தோரு வயதில் குத்தியபோது
கை பொரைமாவாய் உப்பி,
நெற்றியில் அப்பளம் சுடலாம் போல் காய்ச்சல்.
மூன்றாம் நாள் சீழ் உடைந்தது.
நாலாம் நாள் விசைப்படகில் அவர் ஐஸ் உடைத்தார்.
சொன்னவர் கன்னியம்மா,
அவர் புருஷன் கையில் நரம்பு கிடைக்காமல்
நான் ஊசியோடு தடவிக்கொண்டிருந்த நேரத்தில்.

இப்போது எழுபத்து மூன்று.
அதே வலது கை, சுண்டுவிரல்.
மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு.
"காய்ச்ச இல்லம்மா. வலிகூட இல்லன்னுட்டாரு.
மூணாம் நாள் காலைல
ஏலம் வுட ஆரம்பிச்சிட்டாரு,
வூட்ல, கட்டிலப் பாத்துக்கினு.
கூட எண்ணூறு, எண்ணூறு, எண்ணூத்தம்பது…
வாங்கறதுக்கு ஆரு கீறா அங்க?"

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து
சாயம் ஊற்றிக் காயவைத்தேன்.
வெள்ளணுக்கள் ஆறாயிரத்து இருநூறு.
பக்கத்தில் நார்மல் என்று அச்சாகிறது.
இயந்திரம் பொய் சொல்வதில்லை,
யாருடைய ரத்தம் என்று கேட்பதும் இல்லை.

லென்ஸுக்குக் கீழே
பாதிப் பேருக்கு மீசை முளைக்கவில்லை.
உட்கரு மடல்மடலாய்ப் பிரியாமல்
வளைத்த கம்பியாகவே கிடக்கிறது.
கைவசம் ஆள் தீர்ந்துபோய்
எலும்பு மஜ்ஜை
சட்டைப் பித்தான் போடாத பிள்ளைகளை
அனுப்பத் தொடங்கிவிட்டது.

மிச்சமிருக்கும் மூத்தவர்கள் சோம்பேறிகளா, இல்லை.
கிளம்பத்தான் செய்கிறார்கள்.
ரத்தக்குழாய்ச் சுவரை நெம்பி வெளியேறி
வாசனை பிடித்துக்கொண்டே நடந்து
எதிர்ச் சந்துக்குள் திரும்பிவிடுகிறார்கள்.
தீ பிடித்தது தண்டையார்பேட்டையில்.
வண்டி மணியடித்துக்கொண்டு போவது திருவொற்றியூருக்கு,
போகிற வழியில்
நாலு வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு.

இரவே கல்ச்சர் இயந்திரம் கூவிற்று.
கழிமுகத்து வெதுவெதுப்பான உப்பில் பிழைப்பவை,
காற்புள்ளி போல் வளைந்தவை,
ஒரு வாக்கியத்தை முடியவிடாமல்,
இழுத்துக்கொண்டே,
போகிறவை.

டூட்டி டாக்டருக்குப் போன் அடித்தேன்.
முன்னமே மருந்து ஏற்றியாச்சு, என்றாள்.
உடம்பு சில்லென்று இருந்ததே,
அதைத் தொட்டுத்தான் பயந்தேன், என்றாள்.

அந்த வார்டில் இருபத்தெட்டுக் கட்டில்.
இருபத்தேழு பேருக்காகக்
காய்ச்சல் இறங்கச் சொல்லி வேண்டிக்கொள்கிறார்கள்.
கன்னியம்மா மட்டும் அங்காளம்மனிடம்
கொஞ்சம் சூடு கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழன் விடிகாலை நூற்றியொன்று.
"சுடுது" என்றார்,
வஞ்சிரம் விலை ஏறியதைச் சொல்கிற குரலில்.
அன்றைக்கே சுண்டுவிரலை எடுத்தார்கள்.
கை மிஞ்சும் என்கிறார்கள்.
மற்றதை யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறேன்.
டேங்கர் ரயில், முடிவே தெரியவில்லை.
எனக்கு ஐம்பத்தேழு.
நெஞ்செலும்புக்குப் பின்னால்
தைமஸ் இருந்த இடத்தில் இப்போது கொழுப்பு.
எது நான், எது அந்நியம் என்று
அங்கேதான் அணுக்களுக்குப் பாடம் நடந்தது.
பள்ளிக்கூடம் மூடி எத்தனையோ வருஷம்,
பழைய மாணவர்களை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கட்டைவிரலில்
நேற்று சங்கராச் செதில் கிழித்த கோடு.
அழுத்திப் பார்க்கிறேன்.
வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது.
இந்த ரயில் போய் முடியட்டும்,
இன்னொரு தரம் அழுத்துகிறேன்.