தண்ணி நிறுத்திப் பார்த்தது

டேங்கர் வந்து நின்றதும்
சென்னியப்பனுக்கு முகம் வாடிவிட்டது.
"மழை ஒழுகாம இருக்கறதுக்கு
மழையவே வெலைக்கு வாங்கோணுமாங்?"
வெள்ளகோவிலில் அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர்
பதினோரு நாளைக்கு ஒருக்கா.
அவர் கேட்டதில் தப்பில்லை.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்தாயிற்று.
வெடிப்பு ஒவ்வொன்றையும் விரலகலம் பிளந்து
அடைத்தாயிற்று.
கைப்பிடிச் சுவர் தளத்தில் வந்து முட்டும் மூலையைக்
கரண்டியால் வழித்து உருட்டியாயிற்று;
நேர்மூலை தண்ணீருக்குப் பிடித்த இடம்.
கெமிக்கல் முதல் கை கிழக்கு மேற்கு,
நடுவில் வலை,
இரண்டாம் கை தெற்கு வடக்கு.
பூபதியின் முழங்கால் இரண்டும் சாம்பல் நிறம்.
சோப்புக்குப் போகாது, ஒரு வாரம் ஆகும்.

இனி என் வாய்க்கு வேலையில்லை.
வடிகுழாயில் சாக்கைத் திணித்து
நாலு விரற்கடை நிறுத்தினேன்.
சுவரில் ஒரு கரிக்கோடு.
பக்கத்தில், விளிம்புவரை ஊற்றி வைத்த ஒரு போசி.

அந்தத் தளத்துக்கு நேர் அடியில்
வசந்தாமணி குடியிருக்கிறாள்.
தறி ஓட்டிவிட்டு வந்தவள் அண்ணாந்து காட்டினாள்.
கூரையெல்லாம் பென்சில் கோடு.
ஒவ்வொரு ஐப்பசிக்கும் முக்காலி போட்டு ஏறி
ஈரம் எதுவரை வந்ததென்று வரைந்திருக்கிறாள்.
முதல் வருசம் ஒரு தோசை.
அடுத்த வருசம் விரித்த ஆட்டுத்தோல்.
போன வருசம்
மின்விசிறியை வளைத்துப் பிடித்துவிட்டது.
கட்டில் நகர்ந்த தடம் தரையில்.

"சொட்டற எடத்துலதானுங்களே ஓட்டை?"
இல்லைங்க.
நுழைந்தது தென்மேற்கு மூலையில்.
பதினாலடி, துருப்பிடித்த கம்பியைப் பிடித்தபடி நடந்து
உங்கள் தலைமாட்டில் இறங்குகிறது.
சிரித்தாள்.
"எங்கூட்டுக்காரர் வாங்குன கடனாட்டம்."

இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில்
கோட்டுக்கு அரைவிரல் கீழே தண்ணீர்.
"போச்சு, உள்ள எறங்கிருச்சு" என்றார் சென்னியப்பன்.
போசியைக் காட்டினேன். அதிலும் அரைவிரல்.
குடித்தது வெயில்.
அவர் நம்பாமல் விரலை விட்டு அளந்தார்,
தளத்தில், போசியில்,
மறுபடி தளத்தில்.

கீழே போய் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்
கூரையைத் தடவினேன்.
விரலில் ஒட்டியது சுண்ணாம்புத் தூள்.

சாக்கை உருவப் போனேன்.
"சித்தெ பொறுங்!"
குழாயடியிலிருந்து சந்துமுனை வரைக்கும்
குடம், பக்கெட், பெயிண்ட் டப்பா,
ஒரு குக்கர்கூட. நாலு வீட்டுச் சாமான்.
குடிக்க ஆகாது, கெமிக்கல் என்றேன்.
"கக்கூசுக்கு ஆகுமுங்களா?"
ஆகும்.
இரண்டு நாள் அவள் தலைக்கு மேல் நின்ற தண்ணீர்
தடதடவென்று காலடிக்கு வந்தது.

பணத்தை எண்ணிக் கொடுக்கையில்
சென்னியப்பன் சொன்னார்:
"ஒழுகாத ஊட்டுக்குக் கொடக்கூலி வேறதானுங்களே.
தை பொறந்தா எழுநூறு ஏத்தோணும்."

ஐந்து வருட உத்தரவாதம்.
அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.
மேலிருந்து இறங்குவதில்
தண்ணீருக்கு மட்டும்.

படியிறங்கும்போது
அவள் ஏழாவது குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.
"இனி ஒழுகாதுங்களே?"
ஒழுகாதுங்க என்றேன்.