குமிழி பார்ப்பவன்

இரும்பு எதுவும் கூடாது என்றார்கள்.
தாவூதின் சாரத்தில் குத்தியிருந்த ஊக்கை
நான்தான் கழற்றினேன்.
இடுப்பில் என் விரல் பட்டது
அவனுக்குத் தெரியவில்லை.

கூடாதாம்.
அவன் முதுகுத்தண்டுக்குள் இருப்பதே இரும்புதான்.
அவன் எலும்பிலிருந்தே எடுத்த செல்களுக்கு
துருவைவிடப் பொடியாய் இரும்பை ஊட்டி
மதுரையில் வைத்து ஊசியில் ஏற்றினார்கள்,
எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்க.
ஆட்டுக்குக் காதில் அடையாளம் வெட்டுவது போலா
என்று கேட்டேன்.
டாக்டரம்மா சிரித்தார். தாவூது சிரிக்கவில்லை.

ஏர்வாடிக்குத் தெற்கே, ஒன்பது பாகம் ஆழத்தில்
அவன் சங்கு தேடுவான்.
நான் வள்ளத்தில் ஓஸைப் பிடித்தபடி
குமிழி பார்ப்பேன். அதுதான் என் வேலை.
குமிழி வந்தால் ஆள் இருக்கிறான்.
நகர்ந்தால் தேடுகிறான்.
ஒரே இடத்தில் கொப்பளித்தால்
ஏதோ கிடைத்துவிட்டது.

அன்று கம்ப்ரெசர் இருமிவிட்டு நின்றது.
மெதுவாக ஏற்ற வேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
இழுத்தேன்.

இராமநாதபுரத்தில், குளிர்ந்த அறையில்,
அவனைக் குழாய்க்குள் தள்ளியதும்
டகடகவென்று அதே எஞ்சின் சத்தம்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம், திரையில்
அவன் முதுகு, கலங்கல் தண்ணீர் நிறத்தில்.
அதில் மிளகளவு ஒரு கறுப்பு.
கொஞ்சம் கீழே இன்னொன்று.
இரும்பு இருக்குமிடத்தில் படம் இருண்டுவிடுமாம்.
"போன தடவை மேலே இருந்தது.
காயத்தைத் தேடி இறங்கியிருக்கிறது."

"உசுரோட இருக்கா அதுக?"
சபுரா கேட்டாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார்.
செல் செத்தாலும் இரும்பு சாகாது.
செத்ததைத் தின்ன வருகிற வேறு செல்கள்
இரும்பையும் சேர்த்து விழுங்கிவிட்டு
அங்கேயே கிடக்கலாம்.
இரண்டும் படத்தில் ஒரே கறுப்புதான்.
கால் அசையட்டும், அப்போது சொல்கிறேன் என்றார்.

சபுராவுக்கு விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது.
வலை அறுந்துபோன பிறகும்
மிதவை மிதக்கத்தானே செய்யும்.

வெளியே கொண்டுவந்தார்கள்.
"எத்தனைடா?" என்றான்.
ரெண்டு.
"நகருதா?"
நகருது என்றேன்.
அதற்கு மேல் அவன் கேட்கவில்லை,
குமிழிக் கணக்கு அவனுக்கும் தெரியும்.

குனிந்து ஊக்கைத் திரும்பக் குத்தினேன்.
துணியோடு கொஞ்சம் தோலும் அகப்பட்டிருக்கலாம்.
கண்கள் மேல்விளக்கில் இருக்க,
"மெதுவாடா" என்றான்.

எதைச் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.