அளந்து போட்டது

மாதத்தின் முதல் சனிக்கிழமை
நெலிதா பேக்கப் எடுப்பாள்.
உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க்.
சீமைமாதுளைப் பாகு வந்த தகர டப்பாவில் அதை வைத்து
என் தங்கை சுல்மா வீட்டுக்குக் கொண்டுபோவாள்.
பதினேழு தெரு. முழுக்க ஏற்றம்.
"திருடன் வந்தால் மானிட்டரைத் தூக்குவான்,
ஆரஞ்சுக் கணக்கையா தூக்குவான்?"
என்று சிரிப்பேன் நான், வில்மார்,
சால்ட்டோவின் பாதித் தோட்டக்காரர்களுக்குக்
கணக்கு எழுதுகிறவன்.

செப்டம்பரில் அந்தச் சனிக்கிழமை மழை.
"அடுத்த மாதம் போயேன்" என்றேன்.
போட்ட காலணியைக் கழற்றினாள்.
அவ்வளவுதான் நடந்தது.

மூன்று வாரம் கழித்து ஆறு
துறைமுகம் தாண்டி, சந்தை தாண்டி
எங்கள் ஜன்னல்வரை வந்து
ஒன்பது நாள் தங்கிப் போனது.
கணினிப் பெட்டியைத் தலைகீழாய்ப் பிடித்தேன்.
கலங்கல் நீரோடு ஒரு நத்தை வந்தது.
உள்ளிருந்த டிஸ்க்கைக் கழற்றி
காய்ந்த சுரைக்குடுக்கையை ஆட்டிப் பார்ப்பதுபோல்
காதோரம் ஆட்டிப் பார்த்தேன்.

சுல்மா டப்பாவோடு இறங்கி வந்தாள்.
யாரோ பயன்படுத்திய கணினி ஒன்றை வாங்கி
ஆரஞ்சுப் பெட்டிமேல் வைத்திருந்தோம்.
சுவரில் நெஞ்சளவுக்குப் பழுப்புக் கோடு.
மீதி நேரம் நாற்பது நிமிடம் என்றது திரை.
பிறகு ஆறு மணி நேரம் என்றது.
பிறகு ஒன்பது நிமிடம்.
வெள்ளம் எப்போது வடியும் என்று
வானொலி சொன்னதும் இப்படித்தான்.
மாத்தேவுக்குச் சுடவைத்த தண்ணீர்
மூன்று முறை ஆறிப்போனது.

நகராட்சித் தாள் மேசையில் கிடந்தது:
இழந்த பொருள், அளவு, வாங்கிய ஆண்டு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இது தானே வீட்டுக்கு வந்து
அளக்காமல் அள்ளிக்கொண்ட ஆறு.
அளவை எங்களிடம் கேட்கிறார்கள்.

அதனால், திரும்பி வந்த
பதினோரு வருடப் பிறந்தநாள் படங்களில்
முகங்களைத் தாண்டிப் பார்த்தோம்.
கேக்கை ஊதும் மகனிடம்
"கொஞ்சம் நகரேன்" என்றாள் நெலிதா.
அவன் தோளுக்குப் பின்னால் குளிர்பெட்டி,
கதவில் கீறலோடு.
சுல்மாவின் கணவன் ஆடுகிற படத்தில்
தையல் மெஷினின் பாதி.
மறுபாதி இரண்டு வருடம் தள்ளி அகப்பட்டது.
அப்பா கடைசியாகச் சிரித்த படத்தில்
அலமாரி தெளிவாக விழுந்திருந்தது.
நான்கு கதவு, தேக்கு நிறம் என்று எழுதினேன்.
பிறகுதான் அப்பாவைப் பார்த்தேன்.

எட்டு வாரம் மட்டும் வரவில்லை.
அதில் என்னென்ன இருந்தது என்று
தாளை எடுத்து உட்கார்ந்தேன்.
மூன்று வரி வந்தது.
நான்காவதாக ஏதோ இருந்தது
என்பதுவரைக்கும் தெரிகிறது.

தோட்டக்காரர்கள் ரசீதோடு வந்தார்கள்,
சிலது நனைந்து, சிலது ஒட்டிக்கொண்டு.
எலெவுத்தேரியோ வெறுங்கையோடு வந்தான்.
இருநூற்றுப் பத்துப் பெட்டி என்றான்.
நூற்றெண்பது என்று எனக்கு ஞாபகம்.
தலைக்குள் இருப்பதை
நான் எந்த டப்பாவிலும் வைக்கவில்லை.
இருநூற்றுப் பத்து என்று எழுதிக்கொண்டேன்.

அந்த மழையைப் பற்றி
நெலிதா இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை.
சொல்வாள் என்று
நல்ல பதிலாக ஒன்று வைத்திருந்தேன்.

திரையின் பின்புலத்தில் எங்கள் கூடம்.
வெள்ளைச் சுவர், நான்கு கதவு அலமாரி,
யாரும் உட்காராத சோபா.
கணினிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.
அதன் நடுவில் சிவப்பாய் ஒரு கட்டம் எழுந்தது:
செப்டம்பர் ஆறு. டிஸ்க். சுல்மா. தவறியது.
கீழே இரண்டு பட்டன்:
முடிந்தது.
பிறகு நினைவூட்டு.

இரண்டையும் அழுத்தாமல்
டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
மூடியில் இன்னும் பாகு வாசனை.
வெளியே தூறல்.
என் காலணி எங்கே என்று கேட்டேன்.
"அது பட்டியலில் இருக்கிறது" என்றாள்,
"பன்னிரண்டாவது வரி."
மகனுடையதைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.
ஒரு அளவு சிறிது.
பதினேழு தெரு.