இருபது தெத்ரி

எங்கள் லிஃப்ட்டுக்குக் காசு போட வேண்டும்.
திபிலீசியின் பழைய அடுக்குமாடிகளில் இது வழக்கம்தான்:
உள்ளே ஒரு தகரப் பெட்டி, அதற்கு மெல்லிய ஒரு வாய்,
இருபது தெத்ரி விழுந்தால்தான் பொத்தானுக்கு உயிர் வரும்.
இறங்குவதற்கு இலவசம்.
எதில்தான் அப்படி இல்லை.

ஒன்பதாம் மாடி. நூற்று நாற்பத்து நான்கு படி.
நான் லமாரா, வயது ஐம்பத்து மூன்று.
மெட்ரோவின் அடிவயிற்றில், கண்ணாடிக் கூண்டுக்குள்
எஸ்கலேட்டரைக் கண்காணித்தபடி உட்கார்ந்திருப்பது என் வேலை.
நாளெல்லாம் நின்றபடியே
மேலே போகிறது ஊர்.

பிப்ரவரியில் முடிவு செய்தேன்:
ஒன்பது மாடியும், நிற்காமல்.
தங்கை எதேரியிடம்கூடச் சொல்லவில்லை.
சொன்னால் அது இலக்காகிவிடும்.
இலக்கென்றால், நான் தவறவிட்ட பட்டியலில்
அதற்கும் ஓர் இடம் பார்க்க வேண்டும்.

முதல் நாள், மூன்றாம் மாடியில்
மூச்சு, தகரம் அறுக்கும் ரம்பம்.
ஜன்னலோரம் சிகரெட்டோடு குராம்.
“லிஃப்ட் ரிப்பேரா?”
“ஆமாம்.”
எங்கள் பக்கத்திலேயே கிறீச்சிட்டபடி
லிஃப்ட் மேலே போயிற்று.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்.

இடது கையுறைக்குள் எப்போதும் ஒரு காசு.
உள்ளங்கை வேர்வையில் ஊறி ஊறி
அது பேசப் பழகியிருந்தது.
“நான்காம் மாடி போதும், லமாரா.
உனக்கு இதுவே அதிகம்.
பள்ளியில் கயிறு ஏறச் சொன்னபோது
அடிமுடிச்சைப் பிடித்துக்கொண்டு
மணி அடிக்கும்வரை நின்றவள்தானே நீ?”
காசுக்கு ஞாபகசக்தி அதிகம்.
லிஃப்ட்டை அழைப்பேன்.
பாதியில் ஏறினாலும் அதே இருபது தெத்ரி,
நடந்து வந்த மாடிகளுக்குத் தள்ளுபடி கிடையாது.

ஆறு வாரம்.
நாட்காட்டியில் நான்கு, நான்கு, ஐந்து,
நான்கு, மூன்று.
எல்லாம் பென்சிலில்.
அழிக்க வசதியாக.

ஏப்ரலில் ஒரு செவ்வாய். மழை.
லிஃப்ட்டின் கதவை ஒரு காலால் தடுத்தபடி
தண்ணீர் கேன் போடும் பையன்
பையைப் பையாகத் துழாவிக்கொண்டிருந்தான்.
பதின்மூன்றாம் மாடியாம். உள்ளே நான்கு கேன்.
யோசித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.
வெதுவெதுப்பாக இருந்த காசை
அவன் ஒரு கணம் உற்றுப் பார்த்தான்.
“நீங்களும் வாங்க, ஒரு கேனைத் தூக்கி வச்சுக்கறேன்.”
“நான் நடக்கிறேன்” என்றது ஒரு குரல்.
யார் சொன்னது என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள்
கதவு மூடிக்கொண்டது.

ஐந்தாம் மாடியில் விளக்கு அணைந்தது.
இரண்டு நிமிடம்தான் எரியும்;
என்னைவிட வேகமாக ஏறுகிறவர்களுக்கான விளக்கு அது.
இருட்டில், ஈரப் படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினேன்.
காலி. அப்பாடா என்றிருந்தது.
“முடியாது” என்றது.
ஆக, பேசிக்கொண்டிருந்தது காசு இல்லை.
இத்தனை நாள் அதன்மேல் பழி.
“முடியாதுதான்” என்றேன்.
“ஆனால் வீடு மேலேதானே இருக்கிறது?”
அதற்குப் பதில் வரவில்லை.
அல்லது வந்ததோ என்னவோ,
முழங்கால் சத்தத்தில் கேட்கவில்லை.

ஆறு.
ஏழில் யாரோ வால்நட்டும் பூண்டும் இடித்தார்கள்,
அந்த இடிக்குக் கால் வைத்தேன்.
எட்டில் நின்றேன்.
ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது என்று
இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.
ஒன்பது.
சாவி தன் துவாரத்தைக் கண்டுபிடிக்க
மூன்று தரம் ஆயிற்று.

நாட்காட்டியில் பேனாவால் எழுதினேன்: ஒன்பது.
அதனடியில், பொடி எழுத்தில்:
ஐந்தில் உட்கார்ந்தது, எட்டில் லேஸ்.

புதன்கிழமை மூன்றாம் மாடியிலேயே
ரம்பம் மறுபடி அறுக்கத் தொடங்கியது.
குராம் சாம்பலைத் தட்டிவிட்டுக் கேட்டார்,
“இன்னுமா ரிப்பேர் முடியல?”
கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.
“இல்லை” என்றேன்,
“நாள் பிடிக்கும் போலிருக்கிறது.”