இரண்டு பக்கத் தெரு

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் பின்னால்
ஐஸ் ஆலையின் மாடியில் எங்கள் அறை.
மீன் ஏலக் கணக்குக்கு நிரல் எழுதுகிறோம்:
இங்கே நானும் லூர்துநாதனும்,
காரைக்காலில் நஜிமுதீன்,
மாஹேயில் பிரசீத்,
ஏனாமில் சத்தியவேணி.
ஒரே அரசாங்கம்,
இடையில் மூன்று மாநிலம்.

முன்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது,
எந்த நாட்டில் என்று எங்களுக்குத் தெரியாத
ஒரு பெரிய நிறுவனத்தின் களஞ்சியத்தில்.
ஏனாமில் திருத்திய வரி
என் டீ ஆறுவதற்குள்
இங்கே வந்து நிற்கும்.
தேடினால் கிடைக்கும்.
காசும் கேட்கவில்லை.
அதுதான் உறுத்தியது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.
அப்போது உறுத்தவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கணக்கை முடக்கினார்கள்.
காரணம் என்று ஒரு வரி;
அதில் காரணம் இல்லை.
நான்கு கடிதம் போட்டோம்.
பதில் போட்டது மனிதரில்லை.

அப்புறம் வந்தது இந்தப் பழைய கணினி,
மூடி கழற்றி, டேபிள் ஃபேன் காட்டி வைத்தது.
ஐஸ் ஆலைக்காரர் கரண்ட் பில்லில்
இதற்கென்று தனியாக நூற்றெண்பது எழுதுகிறார்.
காரைக்காலில் ஒன்று, மாஹேயில் ஒன்று, ஏனாமில் ஒன்று.
ஒவ்வொன்றிலும் முதல் நாள் முதல் முழு வரலாறு.
இனி எங்களை யாரும் பூட்ட முடியாது.

சில நாள் திறக்கவும் முடிவதில்லை.
போன வாரம் வஞ்சிரத்தின் எடை:
அரைக்கு மேல் போனால் ஒரு கிலோ என்றான் பிரசீத்.
கிராம் கிராமாகவே இருக்கட்டும் என்றாள் சத்தியவேணி.
இரண்டும் சரி.
இரண்டும் ஒரே வரியில்.
இரண்டு நாள் துறைக்கொரு கணக்கு.
காரைக்காலில் ஒரு படகுக்கு நானூறு ரூபாய் குறைந்து
நஜிமுதீன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

'பேசாம அங்கயே திரும்பிடலாம்'
என்றான் லூர்துநாதன்,
கீழே ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு மேல் கத்தி.
நான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

கோட்டக்குப்பம் எல்லையில் என் தெரு.
இந்தப் பக்கம் புதுச்சேரி, எதிர்ப்பக்கம் தமிழ்நாடு.
மின்கம்பம் இரண்டு வரிசை, இரண்டு துறை.
எங்கள் பக்கம் அணைந்திருந்தது.
எதிர்வீட்டு வெளிச்சத்தில்
சாவித் துவாரத்தைக் கண்டுபிடித்தேன்.

நடுவில் ஓடும் சாக்கடை மட்டும்
எந்தப் பக்கத்துக் கணக்கிலும் இல்லை.
போன ஐப்பசி மழைக்கு அடைத்தது,
அப்படியே கிடக்கிறது.

சாப்பிட்டுவிட்டு
எடை வரியைத் தைத்து அனுப்பினேன்.
மாஹே போய்ச் சேரப் பதினொரு நிமிடம்.
இனி இப்படி மோதினால்
யார் உட்கார்ந்து சரிசெய்வது, எந்தக் கிழமை
என்று மற்ற நால்வருக்கும் கேட்டு எழுதினேன்.

மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.