இங்கே ஆள் இருக்கு

இருநூற்றுப் பதினொரு டப்பாக்களைக் கண்டுபிடித்திருக்கிறேன்.
ஒன்றைக்கூட ஒளித்துவைத்ததில்லை.
எல்லார் வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு
ஒருநாளும் உலை வைக்காதவள் மாதிரி
கூச்சமாக இருந்தது.

மூடி இறுகும் புதினா மிட்டாய் டப்பா.
உள்ளே சுருட்டிய பெயர்த்தாள், அரைப் பென்சில்,
ஈரம் உறிஞ்ச, மாத்திரைப் புட்டியிலிருந்து எடுத்த
சின்னப் பொட்டலம்.
மேலே கொட்டை எழுத்தில்:
ஜியோகேஷ். விளையாட்டுப் பொருள். ஆபத்தில்லை.
எழுதி முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்தது.
கேட்பாரற்ற பையைக் கண்டால் சொல்லுங்கள் என்று
ரயில் நிலையம் நான்கு மொழியில் கெஞ்சும் ஊர்.

முதலில் எங்கள் புளோக்கின் பின்பக்கம்,
மழைநீர்க் குழாய் வளைகிற இடம்.
கையை விட்டால்
சிகரெட் பெட்டி, லைட்டர்,
வாசம் போக்க இரண்டு ஏலக்காய்.
நாலாம் மாடி கதிர்வேல்நாதன்
லிப்டில் என்னிடமே சொன்னார், பெருமையாக:
"விட்டாச்சு, எட்டு மாசம்."
ஏலக்காய் உருளாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சுஹைலாவும் வந்தாள்.
உலு பாண்டான் கால்வாயோரம் நடந்தோம்.
தூங்குமூஞ்சி மரத்தின் கவட்டில்
ரொட்டிப் பை, மடித்த லுங்கி:
புல்வெட்டுகிறவரின் மதியம்.
செம்பருத்தி வேலிக்குள் பூனைத் தீனி,
காற்றுக்குப் பறக்காதிருக்க ஒரு கல்.
அரசமரத்து வேரிடுக்கில்
யாரோ கைவிட்ட மூன்று சாமிகள்,
ஒன்றுக்கு மூக்கில்லை,
மூன்றுக்கும் இன்று காலை ஆரஞ்சு.
உடற்பயிற்சி மூலையில் ஓர் இரும்புக் குழாய்.
உள்ளே சுருட்டித் திணித்த கணக்குத்தாள்.
நூற்றுக்குப் பதினெட்டு.
பெற்றோர் கையெழுத்து: கோடு மட்டும்.

"இதுல வெச்சா நல்லாருக்குமே" என்றாள் சுஹைலா,
தாளைத் திரும்பச் சுருட்டிக்கொண்டே.
இருந்த இடத்திலேயே, இருந்த ஆழத்திலேயே
வைத்தாள்.

டிஷ்யூ பொட்டலம் வைத்து
சாப்பாட்டு மேசை பிடிக்கிறோம் நாம்.
வெட்டவெளிக்கே அப்படியென்றால்
கேமரா எட்டாத ஒரு கைப்பிடி இருட்டுக்கு
எத்தனை பேர் வரிசையில்!

விதிகளெல்லாம் மனப்பாடம்.
அடுத்த டப்பாவிலிருந்து நூற்று அறுபத்தொரு மீட்டர்.
பூங்காக்காரர்களின் அனுமதி, அதற்கு ஆறு வாரம்.
மண்ணைத் தோண்டக் கூடாது.
தண்ணீர் தேங்கினால் கொசு, கொசு வந்தால் அபராதம்.
அடுத்தவர் ரகசியத்திலிருந்து எத்தனை மீட்டர்
என்று மட்டும் எதிலும் இல்லை.

வானம் இருட்டிவரும்போது
பழைய இரும்புப் பாலம் தாண்டி
கல்சுவரில் ஒரு பொந்து.
முதலில் டார்ச். அப்புறம் கை.
ஒன்றுமில்லை.
எறும்புகூட இல்லை.
"இதைத்தானே தேடினோம்,
ஏன் முகம் தொங்குது?"
என்ன சொல்வது அவளிடம்?
காலி வீட்டுக்குச் சாவி வாங்கினவளைப் போல
நின்றேன்.

நல்ல இடம்தான். ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்தால்
யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.
குனிந்தவர் நிமிரும்போது எதிரே கால்வாய்;
அதிர்ஷ்டமிருந்தால்
மீனைத் தலைமுதல் கடித்துத் தின்னும் நீர்நாய்.
டப்பாவைச் செருகினேன்.
போனில் இடம் குறித்தேன்,
மூன்று முறை மூன்று எண்.
செயற்கைக்கோளுக்கும் கை நடுக்கம்.

போகும்போது நாலு தடவை திரும்பினேன்.
"பார்க்காதே, நீயே காட்டிக்கொடுத்துடுவே"
என்று தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

இரவு மூன்று மணிக்கு மழை பிடித்தது.
மூடியைச் சரியாக அழுத்தினேனா?
எழுந்து ஜன்னலருகே போனேன்.
கீழே, குழாய் வளைவில்
தண்ணீர் சலசலவென்று இறங்கும் சத்தம்.
நாலாம் மாடியில் விளக்கு எரிந்தது.
ஏலக்காய் நனையுமே என்று
எழுந்திருப்பார், பாவம்.