இங்கே நின்று பார்

புளோக் 317-இன் கீழ்த்தளத்தில்
அப்பா படுத்திருந்த இரண்டு இரவும்
வந்தவர்கள் தங்கள் மதிப்பெண்ணைச் சொல்லித்தான்
தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள்.

"முப்பத்து நான்கு" என்றார்
பேருந்து ஓட்டுநர் சீருடையிலேயே வந்த கோ செங் ஹுவாட்.
"அப்புறம் நாற்பத்தொன்று. அப்புறம் ஐம்பது.
ஐம்பது வாங்கிய அன்று மாசிலாமணி சார்
எனக்கு மீ கோரிங் வாங்கிக் கொடுத்தார்.
முட்டை தனியாக."
ரொஸ்னா எழுபத்தேழு. அவள் மகள் இப்போது பொறியாளர்.
டி சூசா பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி
வேர்க்கடலை உடைத்தபடி,
"பூஜ்யம். இரண்டு முறை" என்று சொல்லிவிட்டு
எல்லோரையும்விட அதிகமாக அழுதார்.

கணக்கு வாத்தியார்.
துறைத்தலைவர் பதவி வந்தபோது வேண்டாம் என்று
கடைசிப் பிரிவையே கேட்டு வாங்கியவர்.
ஆனால் வீட்டுக்கு வந்ததும்
காலணியோடு சேர்த்து வாத்தியாரையும்
கம்பிக் கதவுக்கு வெளியே விட்டுவிடுவார்.
என் பின்னங்களை அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.
"அதுக்கு உன் டீச்சர் இருக்காங்க. நான் உன் அப்பா.
நகத்தைக் காட்டு, வெட்டணும்."
ஞாயிறு மாலை ஐந்து பேர் துணிக்கும் இஸ்திரி;
அறவாழியின் காற்சட்டை மடிப்பு
அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நிற்கும்.
அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவுப்பணி உள்ள வாரங்களில்
ரசம் அவர் பொறுப்பு.
ரசம் மட்டும் கடைசிவரை
அவருக்குப் பிடிபடாத பாடம்.

தவறுக்கு அவர் பெருக்கல் குறி போட்டதில்லையாம்.
விடை பிசகத் தொடங்கிய வரிக்குப் பக்கத்தில்
சிவப்பில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.
கோ சொல்லித்தான் எனக்கே தெரியும்:
"புள்ளி என்றால் தப்பு என்று இல்லை.
இங்கே நின்று பார் என்று அர்த்தம்."

மண்டாயிலிருந்து திரும்பிய ஐந்தாம் நாள்
அலமாரி மேலிருந்து நாட்காட்டிகளை இறக்கினேன்.
சிராங்கூன் சாலை நகைக்கடை கொடுத்தவை.
ஆண்டுக்கு ஒன்றாய்ச் சுருட்டி, ரப்பர் வளையம் இட்டு,
முப்பத்தோர் ஆண்டு.
வளையங்கள் தொட்டதும் உதிர்ந்தன.

விரித்தால்
அங்கங்கே சிவப்புப் புள்ளி.
பக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

1988 ஜூலை 23. என் ஓட்டப்பந்தயம்.
அவர் வரவில்லை. நான்காவதாக வந்தேன்.
வந்திருந்தால் மூன்றாவது என்று
ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.
1991 மார்ச்சில் ஒன்று:
அறவாழியைக் கன்னத்தில் அறைந்த நாள்.
"எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான் தம்பி,
கன்னத்தைத் தடவிக்கொண்டே.
சில தேதிகள் எங்கள் யாருக்கும் உரியவை அல்ல.
பள்ளியில் யாரோ ஒரு பிள்ளையாக இருக்கலாம்.
கேட்க ஆளில்லை.

1994 அக்டோபரில் வரிசையாக மூன்று.
அம்மா வேறு கண்ணாடி கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
"இது நான் கோவிச்சுக்கிட்டு
ஜொகூரில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்த மூணு நாள்.
தப்பு என் பேரில்.
இந்த மனுஷன் எதுக்குத் தன் கணக்கில் வச்சார்?"

அடுக்களையில் குளிர்பெட்டி ஓடத் தொடங்கி
நின்றது.

மேசை இழுப்பறையில் அவருடைய பேனா இருந்தது.
அம்மா மூடியைக் கழற்றினாள்.
முதலில் எழுதவில்லை. உள்ளங்கையில் தேய்த்தாள்.
மூன்றில் நடுநாளில்
அவர் புள்ளியை ஒட்டித்
தன்னுடையதை வைத்தாள்.

பிறகு நாட்காட்டியைச் சுருட்டியபடியே
ரசத்துக்குப் புளி ஊறப்போட்டாயா
என்று கேட்டாள்.